கூட்டிப் பாதி

சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த டிரான்ஸ்ஃபார்மரை மேசைமேல் வைத்துவிட்டு சவுண்ட் சர்வீஸ்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எனாமலும் வார்னிஷும் சேர்ந்து கருகிய வாசனை அதற்குள் கடை முழுக்கப் பரவிவிட்டது. வைண்டிங் கடையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். வெல்லம் தீய்ந்த மாதிரி ஆரம்பித்து, தொண்டையில் போய் நிற்கும். சாக்கைப் பிரித்தேன். பாபின் ஓரத்தில் லெதராய்டு பேப்பர் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "250 விஏ" என்று நீல மையில், என் கையெழுத்தில். விஏ என்றால் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது, டிரான்ஸ்ஃபார்மர் தாங்குகிற அளவு.

"ரண்டு நாள் நல்லாத்தானுங் பாடுச்சு," என்றார் கடைசியில். என்னிடம் இல்லை, அண்ணனிடம். "மூணா நாள் ராத்திரி, கரகாட்டம் நடக்கறப்ப பொகை வந்துருச்சுங்."

1998, பங்குனி மாதம். நான் பாலிடெக்னிக்கில் மின்னியல் கடைசி வருடம். சாயந்திரமும் ஞாயிற்றுக்கிழமையும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வைண்டிங் கடையில் கையாள். கடைக்காரரை ஊரே அண்ணன் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் அது. மலைக்கு இந்தப் பக்கம் மழை குறைவு, தென்னையும் கள்ளும் அதிகம். கரண்ட் பில் மலையாளத்தில் வரும், அதை வைத்துக்கொண்டு திட்டுவது கொங்குத் தமிழில் நடக்கும். மேற்கே நென்மாறை, சித்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மலையாளம் பேசுவார்கள். அண்ணன் இரண்டிலும் பேரம் பேசுவார், கணக்கை மட்டும் தமிழில்தான் போடுவார்.

கோடையில் எங்கள் பக்கம் மாரியம்மன் நோம்பி, அந்தப் பக்கம் வேலை, பூரம் என்கிற கோயில் திருவிழாக்கள். மைக் செட்காரர்களுக்கு ஆறு மாத வருமானம் அந்த மூன்று மாதத்தில். அதனால் ஒரு ஆம்ப்ளிஃபயர் நோம்பி நடுவில் செத்தால் அது ஒரு இரவோடு முடியாது. அடுத்த ஊர்க்காரன் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பான்.

அந்த டிரான்ஸ்ஃபார்மரை நான் தனியாகக் கணக்குப் போட்டுச் சுற்றியிருந்தேன். மூன்று செகண்டரி, அதாவது வெளியே கரண்ட் கொடுக்கிற சுருள். பவர் ஆம்ப்புக்கு 35-0-35 வோல்ட், அதாவது நடுவில் முனை எடுத்து இரண்டு பக்கமும் 35. தொடர்ந்து பாடினால் ஒவ்வொரு பக்கமும் 3 ஆம்பியர் டிசி. மிக்சருக்கு 15-0-15, அரை ஆம்பியர். காற்றாடிக்கும் ரிலேக்கும் 12 வோல்ட், ஒரு ஆம்பியர். நான் போட்ட கணக்கு இது: 70 வோல்ட்டை 3-ஆல் பெருக்கினால் 210. முப்பதை அரையால் பெருக்கினால் 15. பன்னிரண்டு ஒன்று, 12. மொத்தம் 237. கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும் என்று 250 என எழுதி ஒட்டினேன். தாராளம் என்ற சொல்லை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அண்ணன் கோபப்படவில்லை. சீட்டைப் பிய்த்து எடுத்து, பின்பக்கம் திருப்பி, பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"டிசி பக்கம் வோல்ட் எத்தன நிக்கும் தம்பி?"

35 வோல்ட்டின் உச்சி 49.5. டையோடில் கொஞ்சம் போகும், லோடு ஏறினால் இன்னும் இறங்கும். "45 நிக்குங்ண்ணா."

"ரண்டு பக்கம். ஒவ்வொண்ணும் மூணு ஆம்பியர். வாட் என்னாச்சு?"

45 பெருக்கல் 3, பெருக்கல் 2. 270.

"நீ உள்ள குடுத்தது எத்தன?"

210. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே 210 கொடுத்து வெளியே 270 வாங்குகிற டிரான்ஸ்ஃபார்மரை நான் கண்டுபிடித்திருந்தேன். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தவன் இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

பிழை இருந்த இடம் இது. டிசி ஆம்பியரை எடுத்து ஏசி வோல்ட்டோடு பெருக்கிவிட்டேன். ஏசியை டிசியாக்குகிற டையோடு பிரிட்ஜுக்குப் பின்னால், கரண்டைத் தேக்கிவைக்கிற பெரிய கபாசிட்டர் உட்கார்ந்திருந்தால், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கரண்ட் சீராகப் போகாது. அலையின் உச்சி கபாசிட்டரின் வோல்ட்டைத் தாண்டுகிற அந்தச் சின்ன நேரத்தில் மட்டும் குபீரென்று பாயும், மற்ற நேரம் சும்மா இருக்கும். பஞ்சாயத்துத் தண்ணீர் மாதிரிதான். வீட்டுச் செலவு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. குழாயில் தண்ணீர் வருவதோ அரை மணி நேரம். அந்த அரை மணியில் தெருவே குடத்தோடு நிற்கும். நாள் செலவை 24 மணி நேரத்துக்கு வகுத்து, அதற்கேற்ற குழாய் போட்டால் போதும் என்று எந்த மேஸ்திரியும் சொல்ல மாட்டான். கம்பியில் இன்னும் மோசம், ஏனென்றால் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும். இரண்டு மடங்கு பாய்ந்தால் நான்கு மடங்கு சூடு. சும்மா இருக்கிற நேரம் அதை ஈடுகட்டாது.

அண்ணன் நோட்டில் இதற்கு ஒரே வரி. பிரிட்ஜும் கபாசிட்டரும் இருந்தால் டிசி ஆம்பியரை 0.62-ஆல் வகு. 1.6 மடங்கு என்று சொன்னாலும் அதேதான். கபாசிட்டர் மிகப் பெரிதாக, கம்பியும் தடிமனாக இருந்தால் 1.8 மடங்கு வரைக்கும் வைக்கிறவர்கள் உண்டு. அப்படி வகுத்துப் பார்த்தால் என்னுடைய 3 ஆம்பியர் 4.84 ஆகிறது. 70 வோல்ட்டோடு பெருக்கினால் 339 விஏ. மிக்சர் சுருள் 24, காற்றாடிச் சுருள் 19. மொத்தம் 382. நான் சுற்றியது 18 கேஜ் கம்பி (கேஜ் எண் கூடினால் கம்பி மெலிசு), அதன் குறுக்குப் பரப்பு 1.167 சதுர மில்லிமீட்டர். என் கணக்குப்படி சதுர மில்லிமீட்டருக்கு இரண்டரை ஆம்பியர் சொச்சம், நல்ல பாதுகாப்பு. உண்மையில் ஓடியது 4.15. செப்பில் சூடு, நான் நினைத்ததைப் போல 2.6 மடங்கு.

அப்படியானால் இரண்டு நாள் எப்படித் தாங்கியது? அண்ணனுக்கு அது தெரிந்தே ஆகவேண்டியிருந்தது. எரிந்ததற்குக் காரணம் சொல்வது சுலபம், எரியாமல் இருந்ததற்கும் காரணம் சொல்ல வேண்டும் என்பார். சவுண்ட் சர்வீஸ்காரரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மூன்று நாள் நிகழ்ச்சியையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார். முதல் இரண்டு நாளும் பத்து நிமிடம் பாட்டு, இருபது நிமிடம் நன்கொடை அறிவிப்பு. இன்னார் மகன் இன்னார் நூற்றியொரு ரூபாய் என்று வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அறிவிப்புக்கு அரை ஆம்பியர் இழுத்தாலே அதிகம்.

இப்படி விட்டு விட்டு ஓடுகிற லோடுக்குச் சராசரி எடுக்கும்போது ஆம்பியரை அப்படியே எடுக்கக்கூடாது, வர்க்கத்தை எடுக்க வேண்டும். 3-இன் வர்க்கம் 9, பத்து நிமிடத்துக்கு 90. அரையின் வர்க்கம் கால், இருபது நிமிடத்துக்கு 5. ஆகக் கூடி 95. முப்பதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.78 ஆம்பியர். அதை 0.62-ஆல் வகுத்தால் 2.87. என் கம்பிக்கு நான் வைத்த 3 ஆம்பியருக்கு ஒரு மயிரிழை கீழே! நன்கொடை அறிவிப்புதான் இரண்டு நாள் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. மூன்றாம் நாள் கரகாட்டம், பம்பை, உடுக்கை என்று மூன்று மணி நேரம் இடைவெளியே இல்லை. இந்த அளவு டிரான்ஸ்ஃபார்மர் சூடேறி நிலைக்கு வர ஒரு மணி, இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் அரை மணி நேரச் சுழற்சியைச் சராசரியாக்க முடிகிறது. மூன்று மணி நேரத்தை முடியாது.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சவுண்ட் சர்வீஸ்காரர் கேட்டார்: "அப்பக் கரகாட்டக்காரங்க மேல தப்புங்களா?"

சரி, கம்பிக் கதை இது. சுருளுக்குள் இருக்கிற இரும்பின் கதை வேறு. பல சுருள் உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் ஆட்கள் வழுக்குகிற இடம் அங்கேதான். இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்களில் பாதிப் பேர், செகண்டரி எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் டிரான்ஸ்ஃபார்மரின் விஏ என்கிறார்கள். மீதிப் பேர் பெரிய செகண்டரி எதுவோ அதுதான் என்கிறார்கள். இரண்டுமே சில சமயம் சரி, அதுதான் ஆபத்து.

அண்ணன் சொன்ன வழி: கரண்ட் உள்ளே வருகிற பிரைமரிச் சுருளையும் சேர்த்து எல்லா வைண்டிங்கின் விஏவையும் கூட்டு. பாதியாக்கு. வருகிற எண்ணுக்கு ஏற்ற இரும்பை எடு.

முதலில் கேட்டபோது இது ஏதோ நாட்டு வைத்தியம் என்று நினைத்தேன். ஒரு பிரைமரி, ஒரு செகண்டரி என்றால் 100-உம் 100-உம் கூட்டி 200, பாதி 100. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது மாதிரி இருந்தது. அவர் ஒரு உதாரணம் சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒருத்தன் வந்து, பகலில் பேட்டரி சார்ஜ் பண்ண ஒரு சுருள், ராத்திரி ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு சுருள், இரண்டும் 300 விஏ, ஒருபோதும் சேர்ந்து ஓடாது என்று கேட்கிறான். செகண்டரிகளைக் கூட்டினால் 600. அவ்வளவு இரும்பு வீண். பெரியதை மட்டும் பார்த்தால் 300. அந்த இரும்பை எடுத்துச் சுற்ற உட்கார்ந்தால் ஜன்னலில், அதாவது சுருளுக்கான இடைவெளியில், கம்பி கொள்ளாது. பிரைமரிக்கு 300 போதும், இரண்டும் சேர்ந்து ஓடாதே. மூன்று 300, கூட்டினால் 900, பாதி 450. அந்த அளவு இரும்புச் சட்டத்தில் கச்சிதமாக உட்காரும்.

ஏன் என்று கேட்டால் மூலத்தரையைக் கைகாட்டுவார். ஆழியாற்றுத் தண்ணீர் சித்தூர்ப் புழையில் வந்து, மூலத்தரை ரெகுலேட்டரில் வலதுகரை, இடதுகரை என்று வாய்க்கால் பிரிகிறது. எங்கள் பக்கத்து விவசாயிக்கு விளக்கவே வேண்டாத விஷயம். இரண்டு வாய்க்காலும் ஒரே நேரத்தில் திறக்கும் என்றால் மேலே இருந்து வருகிற தண்ணீர் இரண்டுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். முறை வைத்துத் திறந்தால் ஒன்றுக்குப் போதுமானது வந்தால் போதும். ஆனால் வாய்க்கால் பிடித்திருக்கிற நிலம்? தண்ணீர் ஓடினாலும் காய்ந்து கிடந்தாலும் அது நிலத்தை அடைத்துக்கொண்டுதான் கிடக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் அந்த நிலம்தான் ஜன்னல், அதாவது ஸ்டாம்பிங் என்கிற இரும்புத் தகட்டின் நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையில் செம்பு உட்காருகிற இடம். பிரைமரியின் விஏ ஒரே நேரத்தில் யார் யார் குடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு செகண்டரியின் விஏவும் அதனதன் உச்சக் குடியைப் பொறுத்தது. சட்டத்தின் அளவோ எல்லாருக்கும் இடம் கொடுக்க வேண்டும். பாதியாக்குவது ஏனென்றால், சாதாரண இரண்டு சுருள் டிரான்ஸ்ஃபார்மரில் அதே விஏ உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை என இரண்டு தரம் செம்பாகிறது. கடையில் இருக்கிற அட்டவணை எல்லாம் அந்த இரண்டு சுருள் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போட்டது.

எரிந்த என்னுடையதற்கு இதையே போட்டோம். மூன்று செகண்டரியும் சேர்ந்து ஓடும், 382. நூற்றுக்குப் பத்து நஷ்டம் வைத்தால் பிரைமரி 425. கூட்டினால் 807, பாதி 403. நான் எடுத்திருந்தது 250-க்கான இரும்பு.

இரும்பின் அளவுக்குப் பாலிடெக்னிக்கில் படித்த சூத்திரமும் அண்ணன் நோட்டில் இருந்த சூத்திரமும் வேறு வேறு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பாடத்தில் 50 சைக்கிளுக்கு, விஏவின் வர்க்கமூலத்தை 1.152-ஆல் பெருக்கினால் நடுக்காலின் பரப்பு சதுர சென்டிமீட்டரில். அண்ணன் நோட்டில் வர்க்கமூலத்தை 5.58-ஆல் வகு, சதுர அங்குலத்தில் வரும் என்று இருந்தது. ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அங்குலத்தை சென்டிமீட்டராக்கிப் பார்த்தேன். 6.45-ஐ 5.58-ஆல் வகுத்தால் 1.156. இரண்டும் ஒன்றேதான். 400 விஏவுக்கு வர்க்கமூலம் 20, பரப்பு 23 சதுர சென்டிமீட்டர். இரும்பில் ஒரு டெஸ்லா காந்தச் செறிவு ஓட்டினால் 45-ஐ அந்தப் பரப்பால் வகுத்து வருவது வோல்ட்டுக்குச் சுற்று. கிட்டத்தட்ட 2. ஆக பிரைமரி 460 சுற்று, 20 கேஜில். பெரிய செகண்டரி 17 கேஜில், லோடில் விழுகிற வோல்ட்டுக்காக நூற்றுக்கு ஐந்து சுற்று கூட்டி.

நடுமுனை எடுத்த சுருளில் இன்னொரு குளறுபடி உண்டு. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் சுற்றினவர்களுக்குத்தான் இது நன்றாகத் தெரியும். 350-0-350 வோல்ட், 120 மில்லி ஆம்பியர், அதோடு ரெக்டிஃபயர் வால்வுக்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், மற்ற வால்வுகளின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் 4 ஆம்பியர். ஹீட்டர்கள் சுலபம், 15-உம் 25-உம். சண்டை 350-0-350-இல்தான். அங்கே பிரிட்ஜ் கிடையாது. வால்வுக்குள் இரண்டு தகடு, மேல்பாதிச் சுருள் ஒரு அரைச் சுற்றிலும் கீழ்ப்பாதி அடுத்த அரைச் சுற்றிலும் மாறி மாறி வேலை செய்யும். எருது பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் ஒரே கிணற்றில் இரண்டு கவலை பூட்டி, ஒன்று இறங்கும்போது மற்றது ஏறுகிற மாதிரி. எந்த நேரத்திலும் ஒரு ஜோடி எருதுதான் இழுக்கிறது, தீனியோ இரண்டு ஜோடிக்கு.

ஒவ்வொரு பாதியிலும் ஏறக்குறைய 0.12 ஆம்பியர் என்று வைத்தால், பாதிக்கு 42 விஏ, இரண்டு பாதிக்கும் சேர்த்து 84 விஏ அளவு செம்பு. ஆனால் பிரைமரி பார்ப்பது 84 இல்லை. மாறி மாறி வருகிற இரண்டு கரண்டும் அங்கே ஒன்றாகிவிடும். வர்க்கம்தான் கூடும், ஆகவே 42-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், 59. இரண்டு எண்ணும் நிஜம். 84-ஐ பிரைமரிக்கு வைத்தால் கம்பி வீண், 59-ஐ செகண்டரிக்கு வைத்தால் ஜன்னல் போதாது. கூட்டிப் பாதியில் இந்தத் தகராறு தானாகவே தீர்ந்துவிடுகிறது.

இன்னொன்று, இது எந்தச் சூத்திரத்திலும் வராது. சுருள் கூடக் கூட இடையில் பேப்பர், டேப், ஸ்லீவ் எல்லாம் கூடும். ஆறு சுருள் உள்ள டிரான்ஸ்ஃபார்மருக்குக் கூட்டிப் பாதி 100 என்று வந்தால் அண்ணன் 120-க்கான சட்டத்தைத்தான் எடுப்பார். முதலில் சின்னதை எடுத்து, கடைசிச் சுருள் நுழையாமல் மொத்தமும் பிரித்தவனுக்கு அந்த 20 எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கக் கணக்கும் அங்கேதான் பழகினேன். அதாவது சீட்டே இல்லாத டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் வைத்துக்கொண்டு அதன் அளவைச் சொல்வது. பழைய இரும்பு எடுக்கிற கடையை எல்லையில் எங்கள் ஆட்களும் மலையாளத்தில் ஆக்ரிக்கடை என்றே சொல்வார்கள். அங்கே கிலோ கணக்கில் கிடக்கும். ஒரு தடவை எடுத்து வந்ததில் நடுக்கால் 32 மில்லிமீட்டர், அடுக்கு 40. பரப்பு 12.8 சதுர சென்டிமீட்டர். 1.152-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 123 விஏ, இரும்பு தாங்குவது அவ்வளவு. அடுத்து ஒவ்வொரு சுருளின் நுனியிலும் எனாமலை பிளேடால் சுரண்டி மைக்ரோமீட்டரில் கம்பியை அளக்க வேண்டும். சுரண்டாமல் அளந்தால் எனாமலும் சேர்ந்து ஒரு கேஜ் ஏமாற்றும். 230 வோல்ட் பக்கம் 25 கேஜ், சதுர மில்லிமீட்டருக்கு இரண்டரை ஆம்பியர் என்று வைத்தால் அரை ஆம்பியர் சொச்சம், 116 விஏ. 18 வோல்ட் சுருள் 18 கேஜ், 52. 24 வோல்ட் சுருள் 20 கேஜ், 39. 9 வோல்ட் சுருள் 22 கேஜ், 9. செகண்டரி மொத்தம் நூறு. நூறும் நூற்றுப் பதினாறும், பாதி 108, இரும்பு 123. சுற்றினவன் ஒழுங்கானவன். இந்த மூன்று எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால் யாரோ இடையில் பிரித்துத் தப்பாகச் சுற்றியிருக்கிறார்கள், அல்லது எல்லாச் சுருளும் சேர்ந்து ஓடாத வகை அது.

டிப்ளமா முடித்து, கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் சேர்ந்தேன். விஏ போய் கேவிஏ வந்தது, அப்புறம் எம்விஏ. பயிற்சிக்காக ஒரு பெரிய சப்ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். வீட்டளவு உயரத்தில் நின்ற மூன்று சுருள் டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 100 / 100 / 33.3 எம்விஏ. கூடவந்த பொறியாளரிடம் இது எத்தனை எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர் என்று கேட்டால் 100 என்பார். நான் மனசுக்குள் கூட்டிப் பாதியாக்கிக்கொண்டிருந்தேன். 233, பாதி 117.

பிற்பாடு தொழிற்சாலையில் ஐஈசி 60076 என்ற சர்வதேசத் தரத்தின் முதல் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். அதைத் தழுவியதுதான் நம் நாட்டு ஐஎஸ் 2026. பல சுருள் டிரான்ஸ்ஃபார்மரின் உருவ அளவை, இரண்டு சுருள் டிரான்ஸ்ஃபார்மரோடு ஒப்பிட்டுத் தோராயமாக மதிப்பிட, எல்லாச் சுருளின் விஏவையும் கூட்டிப் பாதியாக்கு என்று அதில் ஒரு குறிப்பு இருந்தது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறைக்குப் போனேன். அண்ணன் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இங்கிலீசுல எழுதியிருக்கறானா?" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் அவர் நோட்டில் இல்லாத விஷயமும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரில் உண்டு. அங்கே விஏவை அப்படியே கூட்ட முடியாது, கோணம் பார்த்துக் கூட்ட வேண்டும். இரண்டாவது சுருளில் 80 எம்விஏ, பவர் ஃபேக்டர் 0.8 என்று வைத்துக்கொள்வோம். அதில் வேலை செய்கிற பங்கு 64 மெகாவாட், வேலை செய்யாமல் போய்வருகிற பங்கு 48 மெகாவார். மூன்றாவது சுருளில் 30 மெகாவாருக்குக் கபாசிட்டர் தொங்குகிறது. கண்ணை மூடிக் கூட்டுகிறவன் பிரைமரிக்கு 110 என்பான். நிஜத்தில் கபாசிட்டர் அந்த 48-இல் 30-ஐ அங்கேயே அடைத்துவிடும். மேலே போவது 64-உம் 18-உம், சேர்ந்து 66.5 எம்விஏ. இரண்டாவது சுருளின் 80-ஐவிடப் பிரைமரியில் குறைவு. அதே மூன்றாவது சுருளில் கபாசிட்டருக்குப் பதில் 30 மெகாவார் இழுக்கிற ரியாக்டர் சுருள் இருந்தால் 64-உம் 78-உம் சேர்ந்து 101. சுருள் அதே, 30 எம்விஏவும் அதே. கீழே தொங்குவது என்ன என்பதில்தான் 66-க்கும் 101-க்கும் வித்தியாசம்.

பெயர்ப்பலகையில் சுருள்களுக்கு ஜோடி ஜோடியாக இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்கு அவை காட்டுகிற தடை, போட்டிருப்பார்கள். அங்கேயும் கூட்டிப் பாதி வந்து நிற்கும். முதலில் எல்லாவற்றையும் ஒரே எம்விஏவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், 33.3-இல் சொன்னதை 100-க்கு மூன்றால் பெருக்கி. பிறகு ஒரு சுருளின் தனிப் பங்கு வேண்டுமென்றால், அது சம்பந்தப்பட்ட இரண்டு ஜோடியைக் கூட்டி, சம்பந்தப்படாத ஜோடியைக் கழித்து, பாதி. முதலுக்கும் இரண்டாவதுக்கும் 10 சதவீதம், முதலுக்கும் மூன்றாவதுக்கும் 30, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 18 என்றால், பங்கு 11, கழித்தல் 1, 19. அந்தக் கழித்தல் ஒன்றைப் பார்த்துப் பயந்து முதல் வாரத்தில் நான் மூன்று முறை திரும்ப அளந்தேன். நடுவில் உட்கார்ந்திருக்கிற சுருளுக்கு அப்படி வருவது சகஜம் என்று டெஸ்டிங்கில் இருந்த மலையாளி சேட்டன் சொல்லும்வரை மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வேலையில் ஒன்று பழகிக்கொண்டேன். சூட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதை விட்டு, ஓம் மீட்டரால் சொல்வது. செப்பின் ரெசிஸ்டன்ஸ் சூட்டோடு ஏறும். குளிர்ந்திருக்கும்போது 30 டிகிரியில் 2.80 ஓம், சூடானதும் 3.50 ஓம் என்றால் ஏறியது கால் பங்கு. செப்புக்கு உரிய 234.5 என்ற எண்ணோடு 30-ஐக் கூட்டி அதில் கால் பங்கு எடுத்தால் 66 டிகிரி ஏற்றம். உள்ளே 96 டிகிரி. வெளியே கை வைத்தால் 60, 65 மாதிரிதான் தெரியும். விஏ கணக்கு எத்தனை சரியாகப் போட்டாலும் கடைசித் தீர்ப்பு இந்த எண்தான். நோம்பிப் பந்தலில், ஜெனரேட்டர் பக்கத்தில், பங்குனி வெயிலில், மரப்பெட்டிக்குள் அடைத்து வைத்த ஆம்ப்ளிஃபயருக்கு 30 டிகிரி எல்லாம் யார் கொடுப்பார்கள்?

அந்த எரிந்ததைத் திரும்பச் சுற்ற ஒன்றரை நாள் ஆனது. பழைய செம்பைக் கழித்துக்கொண்டு, புதுக் கம்பிக்கும் கூடுதல் ஸ்டாம்பிங்குக்கும் ஆன பணத்தில் பாதியை அண்ணன் என் கணக்கில் எழுதினார். நியாயம்தான். வார்னிஷில் முக்கி, வெயிலில் காயவைத்து, சீட்டு எழுத என்னிடமே கொடுத்தார். நான் "400 விஏ" என்று எழுத ஆரம்பித்தேன். பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

"மூணு வைண்டிங்கு. மூணு வரி எழுது. கீழ பிரைமரி. எது எது சேந்து ஓடும்னும் எழுது."

எழுதினேன். 35-0-35, 4.8 ஆம்பியர் ஏசி. 15-0-15, 0.8. 12, 1.6. மூன்றும் சேர்ந்து. பிரைமரி 230, 1.85. சீட்டில் இடம் போதாமல் கடைசி வரி ஓரத்தில் செங்குத்தாக ஏறியது.

சவுண்ட் சர்வீஸ்காரர் வந்து வாங்கிப் பார்த்தார். சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "இதுல கரகாட்டம் ஆடலாமுங்களா?" என்றார்.

"விடிய விடிய ஆடலாம்," என்றார் அண்ணன்.